மேவிஸ் பெருக்கித் தள்ளிய உப்பு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மேவிஸின் சமையலறையில் குளிர்பதனப்பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தேன். எனக்கும் இதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் "யாராவது எழுதி வைங்கப்பா" என்றார்கள். எங்கள் கூட்டத்தில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் உண்டு, அவர்களுக்கு நேரமில்லை. எனக்கு எழுத்து பிந்தி வந்தது. வந்ததை வீணாக்க மனமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

(கால்டர் பள்ளத்தாக்கின் மேல் மூடுபனி ஒரு)

ஒரு என்ன? போர்வை என்று எழுத வந்தேன். பகல் முழுக்கச் சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை உருளைக்குள் திணித்துவிட்டு வருகிறவன் வீட்டுக்கு வந்தும் போர்வையையா பிடித்துக்கொண்டிருப்பான்? விட்டுவிட்டேன்.

அடுத்த தொடக்கம்:

(பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற நாங்கள் யாரென்றால்)

இது கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் இருந்தது. இதையும் விட்டேன். ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மேவிஸ் ஏன் இத்தனை வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது புரியாது. நாங்கள் கும்பிட நிற்கும்போது சுற்றி உப்பால் ஒரு வட்டம் போடுவோம். உள்ளே வந்தவர் நினைத்தபோது வெளியே போக முடியாது. பூசாரி கத்தியால் காற்றில் ஒரு கதவு வெட்டிக் கொடுக்க வேண்டும், அந்த வழியாகத்தான் போக வேண்டும். மூத்திரம் முட்டினாலும் இதே சட்டம்தான். செத்துப்போகிறவருக்கு மேற்குப் பக்கக் கதவு.

லென்னுக்கு அந்தக் கதவை யாரும் வெட்டவில்லை.

2

லென் மேவிஸின் வீட்டுக்காரர். நகராட்சியின் உப்பு லாரி ஓட்டியவர். பனி உறையும் காலத்தில் வண்டிகள் வழுக்காமலிருக்க மலைச்சாலையெல்லாம் பழுப்பு உப்பைத் தூவிவிட்டு, ஆரஞ்சு ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சோபாவில் தூங்கிவிடுவார். எங்கள் தெய்வங்களிடம் அவருக்கு நம்பிக்கையும் கிடையாது, விரோதமும் கிடையாது.

"கொம்பு வெச்ச சாமிக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்ல. கேக்கை எப்ப வெட்டுவீங்க, அதைச் சொல்லுங்க" என்பார்.

மேவிஸ் செய்யும் இஞ்சிக் கேக்குக்காக, நாங்கள் கும்பிடுகிற மலைமேல் ஏறி வருவார். வட்டத்துக்கு வெளியே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஒரு தடவைகூட உள்ளே கால் வைத்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேவிஸின் பாரமே இதுதான்.

கொரோனா வருடம் லென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்க யாரையும் விடவில்லை. ஒரு நர்ஸ், லென்னுடைய போனை அவர் காதருகே பிடித்துக்கொள்வதாக மேவிஸிடம் சொன்னாள். மேவிஸ் உடனே திர்சாவைக் கூப்பிட்டாள். திர்சா எங்கள் பூசாரி. ஆலையில் மேவிஸுக்குப் பக்கத்து இஸ்திரி மேசை. அடுத்தவர் வீட்டுக்குள் போகக்கூடாத காலம் அது. திர்சா கொல்லைப்புறத்தில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உப்பு எங்கடி?"

"டப்பால தீர்ந்துபோச்சு. லென் கொண்டாந்து வெச்ச ரோட்டு உப்பு ஒரு வாளி கிடக்கு. மண்ணு மாதிரி இருக்கு."

"எந்த உப்பா இருந்தா என்ன? போடு."

மேவிஸ் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அந்தப் பழுப்பு உப்பைக் கொட்டினாள். நடுவில் தன் போனை வைத்தாள், பொத்தான் வைத்த பழைய போன். அதிலிருந்து லென்னின் மூச்சு வந்தது. சரளைமேல் லாரி ஏறுவதுபோன்ற மூச்சு.

"லென், நான்தான். நீ இப்ப நம்ம வட்டத்துக்குள்ள இருக்க. பயப்படாத."

திர்சா ஜன்னல் வழியாக நான்கு திசைக்கும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கடைசியில் மேற்கே திரும்பிக் கதவு வெட்டக் கத்தியைத் தூக்கினாள். போனில் டொக் என்றது. லைன் அறுந்துவிட்டது. மேவிஸ் திரும்பத் திரும்ப அழுத்தினாள். போகவில்லை. பிறகு நர்ஸே வேறு போனிலிருந்து கூப்பிட்டாள். லென் போய்விட்டிருந்தார்.

(மேவிஸ் மேசையில் தலையைச் சாய்த்துக் குமுறிக் குமுறி)

இப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன். எழுதியதை ஆலையில் தேநீர் வேளையில் மேவிஸிடம் படித்துக் காட்டினேன்.

"எதுக்கு என்னை அழ வெச்ச, ஐவர்?"

"அழுதிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அழல. தரையைப் பெருக்குனேன். அதை எழுது."

எழுதுகிறேன். மேவிஸ் துடைப்பத்தை எடுத்தாள். உப்பு முழுவதையும் பெருக்கினாள், முறத்தில் வாரிக் கொல்லைப்புறத்தில் கொட்டினாள். "மேவிஸ், நில்லுடி! கதவு! இன்னும் கதவு வெட்டலடி!" என்று திர்சா ஜன்னலில் அடித்துக் கத்தியது அவள் காதில் விழவே இல்லை.

நம்பாத ஒரு மனுஷனை, அவரைக் கேட்காமலே உள்ளே இழுத்துப் போட்டாயிற்று. கதவு வெட்டாமல் வட்டத்தையும் கலைத்தாயிற்று. அப்படியானால் லென் எங்கே?

3

இனி டெரெக் வர வேண்டும். இவனை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

சந்தையில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். எங்கள் கூட்டத்தில் அவரவர் ஒரு சாமிப்பெயர் வைத்துக்கொள்ளலாம். டெரெக் வைத்துக்கொண்டது புயற்காகம்.

"புயற்காகமாம்! ரெண்டு தூறல் விழுந்தா குடையைத் தேடி ஓடுற ஆளு" என்பாள் மேவிஸ்.

எந்திரங்களுக்கும் உயிர் உண்டு என்பது டெரெக்கின் கட்சி. "போன்ல என்ன இருக்கு? செம்பு, மணலு, பாறையில தோண்டுன உலோகம். எல்லாம் நம்ம பூமித்தாயோட எலும்பு. ஆலமரத்துல சாமி இருக்கலாம், எலும்புல இருக்கக்கூடாதா?"* பழுதான போனைத் திறக்கும் முன் அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் திருப்புளியைத் தொடுவான். திர்சாவோ பழைய பழக்கக்காரி, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாலே முறைப்பாள்.

*டெரெக் சொன்னது ஓக் மரம். நீங்கள் நிழலில் நின்ற மரத்தைப் போட்டேன்.

முதல் பிரதியில் இவனைக் கோமாளியாக்கியிருந்தேன். நன்றாகத்தான் வந்தது, சிரிப்பும் வந்தது. மறுநாள் ஆலையில் மூன்றாம் உருளை ஓட மறுத்தது. பக்கத்தில் நின்ற ஜமீல் அதன் விலாவில் இரண்டு தட்டு தட்டி, பிஸ்மில்லா சொல்லிப் பொத்தானை அமுக்கினான். ஓடியது. அந்த உருளையை எல்லோரும் தட்டுகிறோம். ஞாயிறுதோறும் தேவாலயம் போகிற மேற்பார்வையாளரும் தட்டுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் மோட்டார் என்பார், ஆனால் தட்டுவதை விடமாட்டார். வீட்டுக்கு வந்து டெரெக்கைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். எங்களுக்கும் அவனுக்கும் ஒரே வித்தியாசம், அவன் அதை வாய்விட்டுச் சொல்கிறான்.

சொல்லக்கூடாத நேரத்திலும் சொல்லிவிடுகிறான்.

போன அக்டோபரில் எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பழைய த்ரீஜி நெட்வொர்க்கை மாதக் கடைசியோடு நிறுத்தப்போகிறார்களாம், பழைய போன்கள் இனி வேலை செய்யாதாம். திர்சா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். டெரெக் செய்தியை உரக்கப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"பாவம். எத்தனை வருஷம், எத்தனை பேரோட பேச்சு. எல்லாம் விளக்கை அணைச்ச மாதிரி போயிடும்."

மேவிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "எல்லாம்னா?"

"உள்ள இருக்கிறது எல்லாம்தான். பேசுனது, பேச வந்து பாதியில அறுந்தது…" அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "ஐயோ, மேவிஸ், நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"லென் உள்ளதான்டா இருக்காரு" என்றாள் மேவிஸ்.

4

இந்த எண்ணின் கீழ் இருந்ததைக் கிழித்துவிட்டேன். அதில் லென் பேசினார். உயிரோடு இருந்தவரை கேக்கைத் தவிர வேறெதைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லாத மனுஷன், என் கையில் ஒரு பக்கத்துக்குப் பேசினார். அன்பு, மன்னிப்பு, நட்சத்திரம் எல்லாம் வந்தது.

மேவிஸ் கேட்டுவிட்டு, "யாரு இந்த ஆளு?" என்றாள்.

5

திர்சாவுக்கு லென் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதில் நம்பிக்கை இல்லை. பூசாரிக்கே நம்பிக்கை இல்லை என்று எழுதினால் கதை படுத்துவிடுமோ என்று யோசித்தேன். ஆனால் உண்மை அதுதான்.

"வட்டம் நம்ம கையால போட்டது மேவிஸ். ஒரு உயிரைப் பிடிச்சு அடைச்சு வைக்கிற வல்லமை நமக்கு இருந்தா நான் எதுக்குடி இஸ்திரி போட்டுக்கிட்டு நிக்கிறேன்?"

"அப்ப கதவு எதுக்கு வெட்டுற?"

"மரியாதைக்கு."

"மூத்திரத்துக்குப் போறவனுக்கு மரியாதை உண்டு. என் புருஷனுக்குக் கிடையாதா?"

திர்சா காலிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். பிறகு, "எப்ப வரணும்?" என்றாள்.

மேவிஸ் ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அதே சமையலறை. அதே ரோட்டு உப்பு, வாளியில் மிச்சமிருந்தது. அதே போன், கரண்டி டிராயரில் கிடந்தது. டெரெக் அதற்கு வேறு பேட்டரியும் சிம்மும் போட்டு உயிர் கொடுக்க வேண்டும். லென்னின் நம்பருக்கு அவள் கூப்பிடுவாள். லென் போனபிறகு அந்த நம்பரை அவள் ஒருமுறைகூட அழுத்தியதில்லை.

"யாரும் எடுக்க வேண்டாம். ரிங் போனாலே போதும். ரிங் போகுதுன்னா வழி தொறந்திருக்குன்னு அர்த்தம். அந்த நேரத்துல நீ கதவை வெட்டு. அப்புறம் அவங்க எந்த நெட்வொர்க்கை அணைச்சா எனக்கென்ன."

டெரெக் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். எப்போதும் வாய் ஓயாதவன், அன்று ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

6

அக்டோபரின் கடைசி நாள். எங்கள் கூட்டத்தில் இறந்தவர்களுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கிற நாள். சாயங்காலம், வெளிச்சம் இறங்கும் நேரம்.

முதல் சிக்கல், மேசையருகே சிக்னல் இல்லை. டெரெக் போனைத் தூக்கிப் பிடித்துச் சமையலறையைச் சுற்றி வந்தான், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்து ஜன்னலில் மட்டும் ஒரே ஒரு கோடு தெரிந்தது. ஆகவே வட்டத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. தொட்டி, அடுப்பு, குளிர்பதனப்பெட்டி எல்லாம் உள்ளே வந்தன.

"ப்ரிட்ஜையும் சேர்த்துக் கும்பிடுற முதல் பூசாரி நான்தான்" என்று முனகினாள் திர்சா. "ஐவர், வடக்கு உனக்கு. அது மேல சாயாத, பழைய பெட்டி."

கிழக்கில் டெரெக். தெற்கில் அடுப்புப் பக்கம் திர்சா. மேற்கில், கொல்லைப்புறக் கதவை ஒட்டிய ஜன்னலில், மேவிஸ். இஞ்சிக் கேக்கில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து மேசைமேல் விட்டிருந்தாள். உப்பைச் சுற்றிக் கொட்டினாள். திசைகளுக்குச் சொல்ல வேண்டியதைத் திர்சா சொன்னாள். நம்பாதவளாயிற்றே, அரைகுறையாகச் சொல்லிவிடுவாளோ என்று பார்த்தேன். அப்படி ஒரு குரலில் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

மேவிஸ் பொத்தானை அழுத்தினாள்.

"போகுது" என்றான் டெரெக் மெதுவாக.

திர்சா வட்டத்தின் மேற்குப் பக்கம் வந்து கத்தியைத் தூக்கினாள். அந்த நேரத்தில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ?"

ஆண் குரல். பின்னணியில் எண்ணெய் பொரியும் சத்தம். மேவிஸ் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திர்சாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. வட்டத்துக்குள் எந்தக் குரல் வந்தாலும் அந்த ஆளும் உள்ளேதான், சட்டம் அப்படி. பூசாரி கேட்க வேண்டியதைத் திர்சா கேட்டாள்.

"உள்ளே வந்திருப்பது யார்?"

"என்னது? டாரில். நீங்க யாரு? இன்சூரன்ஸா?"

"இல்ல கண்ணு. போனை மட்டும் வெச்சிடாத. நீ இப்ப எங்க வட்டத்துக்குள்ள இருக்க. கதவு வெட்டாம வெளிய போனா நல்லதில்ல."

"ஏதாச்சும் விளையாட்டா? ரேடியோல வருதா இது?"

மேவிஸ் போன் பக்கம் குனிந்தாள். "தம்பி, இது என் வீட்டுக்காரர் நம்பரா இருந்துச்சு."

எண்ணெய் பொரிந்துகொண்டே இருந்தது.

"ஓ" என்றான் டாரில். "எனக்குப் போன வருஷம்தான் இதைக் குடுத்தாங்க. அவரு…"

"செத்துட்டாரு. ஆனா போனாரான்னு தெரியல."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் வைத்துவிட்டிருப்பீர்கள். நானும்தான். டாரில் ஒரு பெருமூச்சு விட்டான். "நான் மீன் வறுவல் கடையில வரிசையில நிக்கிறேன். எனக்கு முன்னாடி இன்னும் ஆளு இருக்கு. நிதானமாச் சொல்லுங்கம்மா."

திர்சா அடுத்த கேள்வியைக் கேட்டாள். வழக்கமாகக் கேட்பதுதான். "உன்னோடு யார் இருக்கிறார்?"

"யாரும் இல்ல. பின்னாடி ஒருத்தர் நிக்கிறாரு."

"யாரு?" என்றாள் மேவிஸ்.

"தெரியாதும்மா. வயசானவரு. ஆரஞ்சு ஜாக்கெட்."

(நீங்கள் முறைப்பது தெரிகிறது. இந்த ஜாக்கெட்டை நான் மாட்டிவிடவில்லை. எங்கள் பக்கம் மீன் வறுவல் கடை வரிசையில் ஆரஞ்சு ஜாக்கெட் இல்லாத சாயங்காலம் கிடையாது. ரோடு போடுகிறவன், குப்பை அள்ளுகிறவன், ரயில் பாதைக்காரன், எல்லோரும் அதில்தான். கதையாக இருந்தால் இதை வெட்டியிருப்பேன், அளவுக்கு மீறி இனிக்கிறது. ஆனால் அவன் சொன்னான், நான்கு பேர் கேட்டோம்.)

"அவருகிட்ட ஒண்ணு சொல்றியா, தம்பி?"

"என்ன சொல்லணும்?"

"கதவு தொறந்திருக்கு, போகலாம்னு சொல்லு."

திர்சா வெட்டினாள். தரையிலிருந்து மேலே, குறுக்கே, மறுபடி தரைக்கு. மேவிஸ் செருப்பு நுனியால் மேற்குப் பக்கம் உப்பை விலக்கினாள், ஒரு காலடி அகலத்துக்கு. டாரில் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துப் பேசுவது கேட்டது.

"ஐயா, உங்களைத்தான். கதவு தொறந்திருக்காம். போகலாமாம்."

சரியாக அந்த நொடியில் என் முதுகுக்குப் பின்னால் பழைய குளிர்பதனப்பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. பாட்டில்கள் கலகலத்தன. அந்த மனுஷர் சொன்ன பதில் இது:

(                                                  )

பெட்டி அடங்கியபோது எனக்குக் கேட்டது மேவிஸின் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லென்னின் மடக்கு நாற்காலி ஒருமுறை அவரோடு சேர்ந்து மடங்கியபோது அப்படிச் சிரித்திருக்கிறாள், அதன்பிறகு இல்லை.

"சரி, போயிட்டு வா" என்றாள் போனைப் பார்த்து.

"நானா?" என்றான் டாரில்.

"நீயும்தான் கண்ணு."

"ஒண்ணு கேக்கலாமா? நான் இப்ப வெளியதானே இருக்கேன்?"

"வெளியதான்" என்றாள் திர்சா. "மீனைச் சூடா சாப்பிடு."

7

அந்தப் பதில் என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். கேட்காமல் எப்படி முடிப்பது?

டெரெக் சத்தியம் செய்கிறான். அந்த ஆள், "எங்க போறது? நான் இன்னும் வாங்கவே இல்லையே" என்றாராம். சொல்லும்போது அவனுக்கு மயிர் சிலிர்க்கிறது. "லென் இல்லாம வேற யாரு அப்படிச் சொல்லுவா?" என்கிறான். மீன் வாங்க நிற்கிற எவனும் சொல்லுவான் என்று நான் சொல்லவில்லை.

திர்சாவுக்கு எண்ணெய்ச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். "ஆனா ஒண்ணு ஐவர். வெட்டும்போது கத்தி கனமா இருந்துச்சு. நான் சொன்னேன்னு எழுதாத." எழுதிவிட்டேன்.

டெரெக்கிடம் இன்னொன்றும் கேட்டேன். செத்தவர் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது போன் கடைக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அவன் கடைப் பலகையில் கிடந்த திருப்புளிகளை வரிசையாக அடுக்கினான். "தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"ரிங் போய்க்கிட்டே இருந்து யாரும் எடுக்காம நின்னிருந்தா? அதை மேவிஸ் தாங்குவாளா? யாராச்சும் எடுக்கட்டும்னு நெனச்சேன். எடுக்கிறவன் நல்லவனா இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டேன்."

"எந்தச் சாமியை?"

"போனைத்தான்" என்றான் புயற்காகம்.

8

முடிவு என்று நான் எழுதிப் பார்த்தவை: உப்பின் மேல் ஒரு காலடித் தடம் பதிந்திருந்தது. (பொய்.) தட்டில் கேக் குறைந்திருந்தது. (குறைந்திருந்தது, டெரெக் தின்றான்.) மேவிஸ் வானத்தைப் பார்த்து

இதையும் விட்டுவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன். மறுநாள் நெட்வொர்க்கை அணைத்தார்கள். ஜன்னலில் இருந்த ஒரு கோடும் போயிற்று. மேவிஸ் அன்று ஆலைக்குத் தாமதமாக வந்தாள். எங்களுக்குத் தெரிந்து அவள் தாமதித்ததே இல்லை, விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பவள். மேற்பார்வையாளர் காரணம் கேட்டார்.

"தூங்கிட்டேன்" என்றாள்.

இதையெல்லாம் எழுதி முடித்து நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பதில் இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.

"இங்க என்ன போட்டிருக்க?" என்றாள்.

"காலியா விட்டிருக்கேன். நீங்க சொன்னா எழுதறேன்."

மேவிஸ் இஸ்திரி மேசைமேல் கிடந்த விரிப்பை மடித்தாள். அவள் வாயோரம் அந்தச் சிரிப்பு மறுபடி எட்டிப் பார்த்தது.

"அப்படியே விடு. படிக்கிறவங்க வீட்டுலயும் யாராச்சும் போயிருப்பாங்க இல்ல? அவங்க என்ன சொல்லுவாங்களோ அதைப் போட்டுக்கட்டும்."

ஆகவே அடைப்புக்குறிக்குள் இருக்கும் இடம் உங்களுடையது. முதல் வரியிலிருந்து நீங்களும் வட்டத்துக்குள்ளேதான் நிற்கிறீர்கள், பூசாரி ஏற்கெனவே கதவை வெட்டிவிட்டாள். மேவிஸ் இந்தமுறை துடைப்பத்தைத் தொடவில்லை. உப்பு அப்படியேதான் கிடக்கிறது. மேற்குப் பக்கம் ஒரு காலடி அகலத்துக்கு விலக்கியிருக்கிறது, அந்த வழியாகப் போங்கள்.